கத்தி பட்ட காளான்

பெறாமலே என்னைப் பொறுத்துக்கிட்ட என் அண்ணிக்கு,

நாளைக்கு உங்களுக்குக் கருமாதி. நீங்க போன நாள்லருந்து மழை விடவே இல்லை. அண்ணன் வாசல் இஸ்தோப்புல குந்திக்கிட்டு வெறும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கிடக்காரு. ரொட்டி சுட்டுக் கொண்டு போனா 'வை'ன்னு ஒரு வார்த்தை, அப்புறம் அது காக்காய்க்குத்தான் போகுது. எட்டு வருஷமா உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசாத மனுசன் இப்ப என்னத்துக்கு இப்படி உக்காந்திருக்காருன்னு எனக்குக் கோவம் கோவமா வருது. கோவப்பட எனக்கு யோக்கியதை இல்லைங்கறதும் தெரியும்.

இந்தக் கடுதாசியை நாளைக்குக் காலையில பெரட்டுக் களத்துல, வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிஞ்சதும், எல்லாருக்கும் முன்னால வாசிக்கப் போறேன். தோட்டப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு படிச்ச எழுத்து, கோணலாத்தான் இருக்கும். வாயால சொல்லலாம்னா பாதியில புரட்டிருவேன். என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? அதான் எழுதி வச்சுக்கிட்டேன். ஒரே கூரைக்குக் கீழ காம்பரா காம்பராக் குடியிருக்கிற லயத்துச் சனமே, நீங்களும் கேட்டுக்குங்க.

என் மகள் பவளத்தை அண்ணி கொன்னுட்டாங்கன்னு எட்டு வருஷமா இந்தத் தோட்டமே நம்பிக்கிட்டு இருக்கு. அது பொய். அந்தப் பொய்யை முதல்ல சொன்னவ நான். இதைச் சொன்ன பிறகு எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்துட்டேன் அண்ணி. இப்ப நான் பிள்ளைக்காம்பராவுல ஆயா. தாய்மாரு மலைக்குப் போகையில கைப்பிள்ளைங்களை என் மடியில போட்டுட்டுப் போறாங்க. 'பிள்ளையைப் பறிகொடுத்தவ, பத்திரமாப் பாத்துக்குவா'ன்னு சொல்லித்தான் கணக்கப்பிள்ளை என்னை அங்க வச்சாரு. நாளைக்கு யாரு கொடுப்பா? என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுட்டு என்ன செய்வாரோ, அதுவும் தெரியலை. அவருக்கும் நாளைக்குத்தான் தெரியும்.

சரி, மொதல்லருந்து சொல்றேன்.

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துலருந்து நீங்க கல்யாணம் ஆகி வந்தப்ப எனக்குப் பதினாலு வயசு. துணிமணியோட ஒரு பிஸ்கட் டின்னும் கொண்டு வந்தீங்க. திறந்து பாத்தா மரச்சில்லு மாதிரி என்னமோ கிடந்துச்சு. 'என்ன அண்ணி, அடுப்பெரிக்க விறகும் சீதனமா?'ன்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. அது காளான்னு அப்புறம்தான் தெரியும்.

கறி வைக்கிற காளான் இல்லை. பட்ட மரத்துல பாதித் தட்டு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குமே, மேல பழுப்பு, ஓரம் வெள்ளை, கட்டை கணக்கா இறுகினது, அது. மழை விட்டு மூணு நாள் வெயில் அடிச்சாத்தான் பறிக்கப் போவீங்க. கத்தி கொண்டு போக மாட்டீங்க. கையால பிடிச்சுத் திருகி, நாரு நாராப் பிய்ய எடுப்பீங்க. இரும்பு பட்டா குணம் போயிரும்பீங்க. பரண் மேல அடுப்புப் புகை படக் காய வச்சு, அதையும் கையாலேயே ஒடிச்சு, டின்னுல போட்டு வைப்பீங்க. ரெண்டு துண்டை இஞ்சி மிளகோட போட்டு மூணு கிளாஸ் தண்ணி ஒரு கிளாஸாச் சுண்டுற வரைக்கும் காய்ச்சினா கஷாயம். மழைக்காலத்துல லயத்துக்கே வயித்தால போகும்போது அந்தக் கஷாயத்துலதான் நின்னுச்சு.

அட்டை கடிச்ச ரத்தம் நிக்காதப்ப, காய்ஞ்ச உருண்டைக் காளானை அமுக்கி அந்தத் தூளைக் கடிவாயில வைப்பீங்க. ரத்தம் நின்னுரும். அதுக்காகவே கொழுந்து பறிக்கப் போறப்ப உங்க பக்கத்துத் தேயிலை நிரைக்குப் பொம்பளைங்க போட்டி போடுவாங்க.

இன்னொரு வழக்கமும் உங்களுக்கு இருந்துச்சு. புதுசாப் பறிச்சதை முதல்ல நீங்கதான் காய்ச்சிக் குடிப்பீங்க. ரெண்டு நாள் பொறுத்து, உங்க வயித்துக்கு ஒன்னும் ஆகலைன்னாத்தான் அது டின்னுக்குள்ள போகும். துரைக்கு முன்னால ருசி பாக்குற சமையக்காரக் கோக்கி மாதிரின்னு அண்ணன் கேலி பண்ணுவாரு. டின்னுக்குள்ள இருந்தா அது சோதிச்சது. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். அந்த நம்பிக்கையிலதான் நான் மண்ணைப் போட்டேன்.

எனக்கு உங்க மேல பொறாமை அண்ணி. இத்தனை வருஷத்துல இதை நான் எனக்கே சொல்லிக்கிட்டது இல்லை. எனக்குக் கல்யாணமாகி, பக்கத்துக் காம்பராவுக்கே குடி வந்து, பவளம் பிறந்தா. உங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனா பவளம் என்கிட்ட இருந்ததை விட உங்க இடுப்புல இருந்ததுதான் அதிகம். 'அத்தை, அத்தை'ன்னு உங்க முந்தானையையே பிடிச்சுக்கிட்டு அலைவா. லயமும் எது ஒன்னுன்னாலும் உங்க வாசல்லதான் வந்து நிக்கும். நானும் காளான் பறிக்க வர்றேன்னு ஒரு நாள் கேட்டேன். நீங்க தலையை ஆட்டிட்டீங்க.

"வேணாம் பாக்கியம். இது ஒரு கை வேலை. ரெண்டு கை பட்டா யாரு எதை எடுத்தாங்கன்னு தெரியாமப் போயிரும்."

பெரிய வித்தைன்னு நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

அந்த வருஷம் மழை நாப்பது நாளு கொட்டினது நினைவிருக்கா? வழுக்கு மண்ணுல விழுந்து உங்க கணுக்கால் வீங்கி, மலைக்கே போக முடியாமக் கிடந்தீங்க. வயித்துப்போக்கு ஒவ்வொரு காம்பராவா வந்துச்சு. டின்னு கால்வாசிக்கு இறங்கிருச்சு. நீங்க மேல இருக்கிற பரணையும் உங்க காலையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் விறகுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். அங்க அப்பக் கொழுந்து எடுக்கிறதில்லை, தேயிலையைப் பிடுங்கிட்டுப் புதுசா நடப் போறாங்கன்னு பேச்சு. நிழல் மரமெல்லாம் பட்டுப் போய் நின்னுச்சு. ஒவ்வொரு மரத்துலயும் அடுக்கு அடுக்காக் காளான். நீங்க ஒரு வருஷம் பறிக்கிறதை நான் ஒரு மரத்துலயே பாத்தேன். எனக்குன்னா ஒரே பெருமை.

கையால திருகிப் பாத்தேன், வரலை. தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி, என் வீட்டுக்காரரோடது, விறகுக்காகக் கொண்டு போனது இடுப்புல இருந்துச்சு. அதால வாழைப்பழம் சீவுற மாதிரி சீவினேன். இரும்பாவது ஒன்னாவதுன்னு நினைச்சேன். என் அடுப்பு மேல நாலஞ்சு நாள் காய வச்சு, நீங்க அசந்த நேரமாப் பாத்து, பரண் மேல இருந்த உங்க டின்னுல கலந்துட்டேன். என் துண்டு கண்ணுல பட்டா நீங்க எடுத்து எறிஞ்சிருவீங்கன்னு மேலாக உங்க துண்டுகளையே பரப்பி வச்சேன். எவ்வளவு புத்தி பாருங்க எனக்கு.

மூணாம் நாளு பவளத்துக்கும் வயித்துப்போக்கு வந்துச்சு. நீங்க வீங்கின காலை நீட்டிக்கிட்டு அவளை மடியில போட்டு வச்சிருந்தீங்க. 'பாக்கியம், டின்னுலருந்து ரெண்டு துண்டு எடுத்துப் போடு'ன்னீங்க. நான்தான் அடியில கை விட்டு எடுத்தேன். நான்தான் பானையில போட்டேன். நீங்க கண்ணால பாக்கலை. காய்ச்சி, ஆத்தி, உங்க கையால கரண்டி கரண்டியாக் குடுத்தீங்க. முதல் நாள் நின்ன மாதிரி இருந்துச்சு. மறுநாள் வாந்தி. அப்புறம் கை கால் சில்லிட்டுப் போச்சு. அவளைக் கம்பளியில சுத்தித் தூக்கிக்கிட்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடினோம். டாக்டரய்யா நாடியைப் பிடிச்சுக்கிட்டே என்ன குடுத்தீங்கன்னு கேட்டாரு. காளான்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. மத்தியானம் தேத்தண்ணி நேரத்துக்கு முன்னாலயே எல்லாம் முடிஞ்சு போச்சு. மூணு வயசு அண்ணி. மூணு வயசும் நாலு மாசமும்.

டாக்டரய்யா அப்புறமா ஒன்னு சொன்னாரு. அந்த மழைக்கு வந்த சீதபேதியே போதும், காளான் குடுக்காட்டியும் போயிருக்கலாம்னு. அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னைக்கும் நான் தப்பிக்கலாம். ஆனா அன்னைக்கு உங்களுக்காக அதை யாருகிட்டயாவது நான் சொன்னேனா?

மண்ணுல வச்சு மூணாம் நாள் காலையில நீங்க நொண்டிக்கிட்டே பெரட்டுக்கு வந்தீங்க. பேரேட்டுல உங்க பேருக்கு அடுத்தது என் பேரு. 'சிவகாமி'ன்னு கணக்கப்பிள்ளை கூப்பிட்டாரு. நீங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் திறந்துட்டேன்.

"என் பிள்ளையைக் காளானைக் குடுத்துக் கொன்னவளுக்கு இன்னும் பேர் கூப்பிடுறீங்களா? வயித்துல ஒன்னு தரிக்காத வயித்தெரிச்சல்ல செஞ்சுட்டா!"

அத்தனை சனமும் கேட்டுச்சு. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்த நேரத்துல நான் பொய் சொல்லலை அண்ணி, அப்படித்தான் நம்பினேன். நான் கலந்தது ஞாபகம் வந்துச்சு. ஆனா காளான்தானே, அதே காளான்தானே, நீங்க காய்ச்சின கையில ஏதோ பிசகிருச்சுன்னு என் மனசு சட்டுன்னு ஒதுங்கிக்கிச்சு. மனசுக்கு அது கைவந்த கலை.

அன்னைக்குச் சாயங்காலம் உங்க காம்பராவுல தகரச் சத்தம் கேட்டுச்சு. நம்ம நடுச்சுவர்தான் கூரையைத் தொடாதே, பெட்டி மேல ஏறி எட்டிப் பாத்தேன். சுளகுல டின்னைக் கவுத்துப் போட்டு, ஒவ்வொரு துண்டா எடுத்து, கட்டை விரலால ஓரத்தைத் தடவிக்கிட்டு இருந்தீங்க. சிலதை ஒரு பக்கம் ஒதுக்கினீங்க. செஞ்ச பாவத்தை எண்ணிப் பாக்குறீங்கன்னு நினைச்சு இறங்கிட்டேன். கொஞ்ச நேரத்துல அடுப்புலருந்து புகை கூரை வழியா எங்க காம்பராவுக்கும் வந்துச்சு.

மறுநாள் என் வாசல்ல வந்து நின்னீங்க. நான் பவளத்தோட சட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க என்னமோ சொல்ல வாய் எடுத்தீங்க. சட்டையைப் பாத்தீங்க. என் முகத்தைப் பாத்தீங்க. 'வாசல்ல நிக்காதீங்க'ன்னேன். போயிட்டீங்க. அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க அண்ணி?

ரெண்டு மாசம் கழிச்சு ஏழாம் நம்பர்ல மரம் பிடுங்குற வேலைக்கு என் வீட்டுக்காரரைப் போட்டாங்க. வேலை விட்டு வந்து பீலித் தண்ணியில சவுக்காரம் போட்டுக் கையைத் தேய் தேய்னு தேய்ச்சாரு. என்னன்னு கேட்டேன். அந்த மரத்துக்கெல்லாம் போன வருஷமே பட்டையை வளையமாச் சீவி விஷம் தடவி வச்சிருந்தாங்களாம், வேரோட சாகட்டும்னு. ஆடு மாட்டைக் கூட அந்தப் பக்கம் விடாதேன்னு காவல்காரருக்கு உத்தரவாம். அவரு சாதாரணமாச் சொல்லிட்டு முகத்தைக் கழுவினாரு. நான் காளான் சீவினது அதே மரத்துல.

அப்பவே ஓடி வந்து உங்க காலைப் பிடிச்சிருக்கணும். பிடிக்கலை. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் ரெண்டாவது பிள்ளை வயித்துல தங்குச்சு, பிள்ளை பிறக்கட்டும்னு இருந்தேன். பையன் பிறந்தான், அவன் நடக்கட்டும்னு இருந்தேன். இப்ப அவன் பள்ளிக்கூடம் போறான்.

அதுக்குள்ள உங்களுக்கு என்னென்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். உங்க பக்கத்து நிரைக்கு யாரும் வரலை. கங்காணி உங்களை எப்பவும் ஓரத்து நிரையில, அட்டை மண்டிக் கிடக்கிற ஓடைப் பக்கமா விட்டாரு. ரத்தம் ஒழுக ஒழுகக் கூடையோட வருவீங்க, ஒரு துளி தூள் வச்சுக்க மாட்டீங்க. நீங்க எதிர்ல வந்தா பொம்பளைங்க பிள்ளையை மறு இடுப்புக்கு மாத்துவாங்க. காமன் பொட்டல்ல கூத்து நடந்தாலும் நீங்க காம்பராவுக்குள்ளேயே இருப்பீங்க. அண்ணன் சோத்தை வாங்கிச் சாப்பிடுவாரு, பேச மாட்டாரு. எனக்கு அதெல்லாம் வசதியா இருந்துச்சு அண்ணி. உங்களைக் குத்தம் சொல்ற சனம் இருக்கிற வரைக்கும் என்னை யாரும் திரும்பிப் பாக்கலை.

போன வருஷம் ஒரு நாள் பீலிக்கரையில நாம ரெண்டு பேரும் தனியா மாட்டிக்கிட்டோம். என் குடம் நிறையட்டும்னு நீங்க ஒதுங்கி நின்னீங்க. ஏழு வருஷத்துல முதல் தடவையா என்கிட்ட வாயைத் திறந்தீங்க.

"நீ தூங்குறியா பாக்கியம்?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. "எனக்கென்ன, நல்லாத்தான் தூங்குறேன்"னு வெடுக்குன்னு சொன்னேன்.

"அப்ப சரி. அது போதும்"னு சொல்லிட்டு உங்க குடத்தைப் பீலியில வச்சீங்க.

குத்திக் காட்டுறீங்கன்னு நினைச்சு அன்னைக்குப் பூராவும் உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

இந்த மழைக்கு உங்க நெஞ்சுல சளி கட்டி, மூச்சு இழுக்க இழுக்க நாலு நாள்ல போயிட்டீங்க. உங்களைக் குளிப்பாட்ட யாரும் முன்னால வரலை. நான் வந்தேன். லயம் என்னைப் புகழ்ந்துச்சு, எவ்வளவு பெரிய மனசுன்னு. உங்க துணிப்பெட்டியில மாத்துச் சேலை தேடுறப்ப அடியில ஒரு பழைய துணி முடிச்சு கிடைச்சுச்சு. அவிழ்த்தேன். அஞ்சு காளான் துண்டு. காய்ஞ்சு கறுத்துப் போயிருந்துச்சு. ஒன்னை எடுத்து ஓரத்தைத் தடவினேன். வழவழன்னு இருந்துச்சு. அஞ்சுமே அப்படித்தான். ஒன்னுலயும் நாரு பிய்ஞ்ச ஓரம் இல்லை. கவ்வாத்துக் கத்தி சீவின ஓரம்.

உங்களை ஈரத்தோட பலகையில விட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

சுளகுல ஓரம் தடவின அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துல கவ்வாத்துக் கத்தி இருக்கிற வீட்டுல எந்த வீட்டுக்காரி உங்க பரணுக்குக் கை நீட்டுவான்னு உங்களுக்குத் தெரியாதா? என் வாசல்ல வந்து நின்னது அதைச் சொல்லத்தான். சட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவளைப் பாத்துட்டு, தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா இவ தாங்க மாட்டான்னு நினைச்சுத் திரும்பிட்டீங்க. அப்படித்தானே? எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சு போச்சு, தெரிஞ்சுக்கிட்டே சோறு தின்னுக்கிட்டு இருந்தேன்னு நீங்க நினைச்சே பாத்திருக்க மாட்டீங்க. எல்லாத்தையும் அடுப்புல போட்ட நீங்க இந்த அஞ்சை மட்டும் ஏன் வச்சிருந்தீங்க? வேற யாரு கையிலயும் சிக்கக் கூடாதுன்னா? இல்லை, என்னைக்காவது நானே வந்து கேப்பேன்னா?

ஏழாம் நம்பர்ல இப்பப் புதுத் தேயிலை இடுப்பு உசரத்துக்கு நிக்குது. ரெண்டாம் லயத்துல பாதிப் பேரு இந்தியாவுக்கே திரும்பிப் போறோம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நாமளும் எழுதிக் கொடுத்துட்டுப் போயிரலாம்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. போயிட்டா யாருக்கும் எதுவும் தெரியாமலே போயிரும். மூணு நாளா எனக்கு அந்த ஆசையும் இருந்துச்சு, மறைக்கலை. ஆனா நீங்களும் பவளமும் கிடக்கிற மண்ணை விட்டுட்டு, உங்க பேரையும் இப்படியே விட்டுட்டு, எங்க போய் நான் கஞ்சி குடிக்கிறது?

நாளைக்கு விடியக்காலையில பெரட்டுத் தப்புக் கொட்டு அடிச்சதும் எந்திரிப்பேன். பிள்ளைக்காம்பராச் சாவியை முதல்ல கணக்கப்பிள்ளை கையில கொடுத்துருவேன். கொடுத்த பிறகுதான் இந்தக் கடுதாசியைப் பிரிப்பேன். பேரேட்டுல உங்க பேரை அடிச்சிட்டாங்களாம். பரவாயில்லை, நானே ஒரு தடவை கூப்பிட்டுட்டுத்தான் வாசிக்க ஆரம்பிப்பேன். அஞ்சு துண்டும் அதே துணியில என் கையில இருக்கும். யாரு வேணும்னாலும் வந்து ஓரத்தைத் தடவிப் பாக்கட்டும். முதல்ல அண்ணன் தடவட்டும். அதுக்கு மேல இந்தச் சனம் என்னைக் காறித் துப்பினாலும், ஓரத்து நிரையில விட்டாலும் நான் போறேன். உங்க நிரை காலியாத்தானே கிடக்கு.

அன்னைக்குப் பீலிக்கரையில கேட்டீங்களே, அதுக்கு நான் பொய் சொல்லிட்டேன். இல்லை அண்ணி. நான் தூங்கலை.

உங்க மடியில வளர்ந்தவளைப் பெத்தவ,
உங்க நாத்தனார்
பாக்கியம்